மூன்று காலி ஓட்டைகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு தொடையெலும்பை வெற்றிகரமாக உடைத்தேன். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

பிளாஸ்டிக் எலும்புதான். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ரம்பத்தால் அறுத்து, வெளிப்பக்கத்தில் உலோகத் தகடு வைத்து, ஸ்க்ரூ முடுக்கி, மெஷினில் நிறுத்த வேண்டும். ஆள் நடந்தால் கால் எப்படிச் சுமை வாங்குமோ அப்படியே மெஷின் அதை அமுக்கும், விடும், அமுக்கும், விடும். தகடு எப்போது, எந்த ஓட்டையில் முறிகிறது என்று பார்த்து எழுதுவது என் உத்தியோகம். இதற்காகத்தான் கண் விழித்துப் படித்தேன். வீட்டில் யாருக்கும் இது என்ன வேலை என்று இன்றுவரை பிடிபடவில்லை. அக்கா மட்டும் தெளிவாக இருக்கிறாள். யார் கேட்டாலும், "என் தங்கச்சி பொம்மைங்களுக்கு எலும்பு டாக்டர்" என்று சொல்லிவிடுகிறாள்.

அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். தண்ணீரைக் கண்டு அலறுகிற பிள்ளைகளைக் குளத்தின் விளிம்பிலிருந்து பிய்த்தெடுத்து உள்ளே விடுவாள். அதுவும் ஒரு வகையில் உடைக்கிற வேலைதான் என்றால் சண்டைக்கு வருவாள்.

மார்ச் 6, வியாழன்

அக்கா விழுந்துவிட்டாள். குளத்துக்குள் அல்ல, வெளியே, ஈரத் தரையில். 'தரை வழுக்கும், ஓடாதீர்கள்' என்று எழுதிய பலகை கோணலாக இருந்ததாம். அதை நிமிர்த்தப் போன இடத்தில் வழுக்கியிருக்கிறாள். பலகை இப்போது நேராக இருக்கிறதா என்று யாரும் சொல்லவில்லை.

அத்தான் போனில் லேசான கீறல் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். வலது தொடையெலும்பு, முழங்காலுக்கு மேலே. நான் தினமும் ரம்பம் வைக்கிற அதே இடம். கீறலாவது ஒன்றாவது, அங்கே எலும்பு துண்டு துண்டாகக் கிடந்தது. இத்தனை வருஷமாக அந்த இடத்தை அறுக்கிறேன், ஒரு நாளும் கண்ணைத் திருப்பியதில்லை. இன்று எக்ஸ்ரேயை உடனே உறைக்குள் தள்ளினேன். அத்தான் பார்த்துவிடக் கூடாதே என்று மடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. செய்தவர், கோட்டின் மடிப்பு ஒரு இழைகூடக் கலையாத டாக்டர். மனசுக்குள் 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அத்தான் பெருமையாகச் சொல்லப்போக, இஸ்திரி என்னை ஒருமுறை பார்த்து, "நல்லது. உங்க எலும்புக்கெல்லாம் ரத்தம் வராதில்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை. சிரித்தால் முகத்தில் மடிப்பு விழும் என்று பயமோ என்னவோ.

அக்கா மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, சாயங்கால வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்பது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று வீட்டில் நிபுணர் குழு கூடியது. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்தார்கள். தலைமை, சித்தப்பா. ஆயுள் முழுக்க மர அலமாரி விற்றவர் என்பதால் ஸ்க்ரூ விஷயத்தில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. தகட்டில் நடுவில் மூன்று ஓட்டை காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தார்.

"எல்லா ஓட்டையிலயும் ஸ்க்ரூ போடாத அலமாரி எங்கயாவது ஆடாம நின்னிருக்கா?"

குடும்பமே என்னைப் பார்த்தது, ஏதோ நான்தான் மூன்று ஸ்க்ரூவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்ட மாதிரி. சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, இரண்டு கையாலும் நெருக்கிப் பிடித்து வளைத்துக் காட்டினேன். வளைவு முழுக்க ஒரே இடத்தில் விழுகிறது, அங்கேதான் முறியும். தள்ளித் தள்ளிப் பிடித்தால் மொத்த ஸ்கேலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது, தாங்குகிறது. உடைந்த இடத்தை ஒட்டி ஸ்க்ரூவாக முடுக்கினால் தகடும் அப்படித்தான், ஒரே ஓட்டையில் களைத்து முறியும். அது போக, உடைந்த எலும்புக்குக் கொஞ்சம் அசைவு வேண்டும். அசையவே விடாமல் இறுக்கிக் கட்டினால் தான் உடைந்ததே அதற்குத் தெரியாது, புது எலும்பு போடாமல் சோம்பேறியாகக் கிடக்கும். ரொம்ப ஆடினாலும் ஒட்டாது. அந்த மூன்று காலி ஓட்டை அளந்து விட்ட ஆட்டம்.

எல்லோரும் பாடம் கேட்பது போலக் கேட்டார்கள். முடிந்ததும் சித்தப்பா, "அப்ப ஸ்க்ரூ தீந்துபோச்சுன்னு சொல்ற" என்றார்.

இதில் பெரிய கொடுமை, இஸ்திரிக்கு நான் வக்கீலாகிவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

எக்ஸ்ரே பார்த்தார்கள். எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. இனி கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் எடை போட வேண்டும். பிசியோ பொண்ணு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தாள். எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை. நல்ல கால் பலகையில், உடைந்த கால் மெஷினில். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, சொன்ன எடை வரும்வரை முள்ளைப் பார்த்து அழுத்த வேண்டும். முதலில் பதினைந்து கிலோ. வாராவாரம் ஏற்ற வேண்டும்.

அத்தான் உடனே போய்ப் புது மெஷின் வாங்கிவந்துவிட்டார். தினசரி அளவை பிசியோவுக்கும் எனக்கும் போனில் அனுப்பும் பொறுப்பும் அவருடையதாம். இப்படி ஒரு கணவன் கிடைக்க அக்கா கொடுத்துவைத்தவள் என்று பிசியோ பொண்ணு சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அத்தானின் செய்தி: "பதினஞ்சு கிலோ. வலி இல்லை." கூடவே மூன்று பூச்செண்டுப் படம்.

மே 9, வெள்ளி

சொன்ன எடை, சொன்ன நாளில், சொன்னபடி. வலி இல்லை. பிசியோ பொண்ணு மற்ற நோயாளிகளுக்கெல்லாம் அக்காவை உதாரணம் காட்டுகிறாளாம். டாக்டர் கொடுத்த இருமல் மருந்தைத் தொட்டிச் செடிக்கு ஊற்றியவள் என் அக்கா. உடம்பு உடைந்தால் புத்தி வரும் போல.

ஜூன் 2, திங்கள்

புது எலும்பு வளரவில்லை.

எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி முதல் நாள் எப்படிக் கறுப்பாக இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. இஸ்திரி படத்தை வெகு நேரம் பார்த்தார். அடுத்த மாதம் ஒரு எக்ஸ்ரே எடுப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் மறுபடி திறந்து, இடுப்பிலிருந்து எலும்பு சுரண்டி வந்து அடைக்க வேண்டும் என்றார். ஏதோ சட்டைக்கு ஒட்டுப் போடுவது போலச் சொன்னார். நீச்சல் குளத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள், அக்கா எப்போது திரும்புவாள், அவள் இடத்தில் வந்திருக்கும் ஆளையே நிரந்தரமாக்கிவிடலாமா என்று. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

சித்தப்பா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "மூணு ஓட்டை."

ஒருவேளை இஸ்திரி நிஜமாகவே தப்பாகச் செய்துவிட்டாரா? நான் ஸ்கேலை வளைத்து வெறும் படம் காட்டினேனா? அக்காவை மறுபடி அந்த ஆபரேஷன் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போவார்களா?

ஜூன் 5, வியாழன்

அக்காவின் காலை ஆய்வுக்கூடத்தில் செய்தேன். அதே ரகத் தகடு, அதே இடத்தில் ஸ்க்ரூ, அதே மூன்று ஓட்டை காலி. முழங்காலுக்கு மேலே அதே அகலத்துக்கு அறுத்தேன். மேலிடத்தில் கேட்டால் மெஷினைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அத்தான் அனுப்பிய அளவுக்கே அமுக்கினேன். தகட்டுக்கு எதிர்ப்புறம், தொடையின் உட்பக்கமாக, இடைவெளி ஒரு கனத்த அட்டையின் தடிமனுக்கு மூடியது. விட்டால் திறந்தது. எலும்பு கேட்கிற அசைவு இதேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இஸ்திரி செய்தது சரி. இதை எழுதப் பேனாவே தயங்குகிறது.

அப்படியென்றால் எலும்பு ஏன் வளரவில்லை? புகை பிடிக்காதவள், சர்க்கரை நோய் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். சும்மா இருக்கட்டும் என்று மெஷினை நிறுத்தினேன். இடைவெளி அசையாமல் நின்றது. நிற்காமல் என்ன செய்யும் — அமுக்கினால்தானே அசையும்.

அமுக்குகிறாளா?

ஜூன் 8, ஞாயிறு

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் வாசலில் கிடந்த அவள் செருப்பைத்தான் எடுத்துப் பார்த்தேன். தேய்மானம் பார்த்தே பழகிய கண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு வாங்கின ஜோடி. இடது செருப்பின் குதிகால் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. வலதின் அடியில், அளவு எண் போட்ட காகிதம் கடையில் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது.

உள்ளே படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. பயிற்சி நேரம், அவளுக்குக் கூச்சம், யாரும் வரக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். தட்டாமல் திறந்தேன்.

அக்கா கட்டில் ஓரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வலது கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷினில் நின்றது அத்தானின் கால். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வேட்டைக்காரன் போல முள்ளையே பார்த்துக்கொண்டு, பதமாக அழுத்திக்கொண்டிருந்தார். இன்னும் ரெண்டு கிலோ என்று தனக்குத்தானே முணுமுணுப்பு வேறு. அளவைக்கூடப் பொய்யாக அனுப்ப மனசு வரவில்லையாம் அந்த உத்தமருக்கு.

அத்தான் அப்படியே உறைந்துபோனார். மெஷினிலிருந்து காலை எடுக்கவும் தோன்றவில்லை. "முதல் நாள் அவதான் வெச்சா," என்றார். "மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு. என்னால பாக்க முடியல. அன்னிக்கு மட்டும் நான் வெச்சேன்." எலும்பை அலுங்காமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் ஒட்டிவிடும் என்று நினைத்தாராம். அந்த 'அன்னிக்கு மட்டும்' ஒன்றரை மாசம் ஓடியிருக்கு. என்ன மனுஷங்க இவங்க? எலும்பு ஏன் ஒட்டலைன்னு ஊரே மண்டையைப் பிச்சுக்குது, நான் லேப்ல உக்காந்து கால் செஞ்சு பாக்குறேன், இங்க இவரு கால வெச்சு இவருக்கு உடற்பயிற்சி நடக்குது! கத்தினேன். நன்றாகவே கத்தினேன். கத்திக்கொண்டே அக்காவைப் பார்த்து, தண்ணி தாங்கும், விளிம்பை விடுன்னு ஊர்ப் பிள்ளைகளை மிரட்டுறியே, நீ என்ன பண்ற என்றேன். அது வேண்டாத வார்த்தை.

அக்கா கண்ணைத் திறந்தாள். அழவில்லை. "எலும்பு முறியுற சத்தம் நீ தினமும் கேக்குறதுதான்டி. உனக்கு அது கேட்டா சம்பளம். எனக்கு அது என் உள்ளேருந்து கேட்டுச்சு. கால ஊனலாம்னு போறப்பெல்லாம் முதல்ல அந்தச் சத்தம்தான் வருது."

கதவை மெல்லச் சாத்தினேன். வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

கோபம் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பயம் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

ஜூன் 11, புதன்

அத்தான் தானே போய் இஸ்திரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். துணைக்கு நான். இஸ்திரி முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க கால் எலும்பு ரொம்ப நல்லா பலமாயிருக்கும்" என்றார். எக்ஸ்ரே தேதியை மாற்றவில்லை. தகட்டில் கோளாறு இல்லை, காலை ஊனச் சொல்லுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்.

ஊனச் சொல்லுங்கள். ஏதோ கதவைச் சாத்தச் சொல்லுவது போல.

இரவு அக்கா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பற்றி இருவரும் பேசவில்லை. "உன் பொம்மையை எவ்வளவு அமுக்கினா அந்தச் சத்தம் வரும்?" என்று கேட்டாள். வந்து பார் என்றேன்.

ஜூன் 14, சனி

விடுமுறை நாள், ஆய்வுக்கூடத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. அக்காவை மெஷினுக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் காலின் நகல் உள்ளே நின்றது. அத்தான் வாசலோடு நின்றுவிட்டார், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

அவள் எடையில் பாதியில் ஆரம்பித்தேன். முழு எடை போடு என்றாள். போட்டேன். இன்னும் என்றாள். இரண்டு பங்கு. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். மெஷின் உர்ரென்று ஓடியது, வேறு சத்தம் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தாள், அப்புறம் இன்னொன்றை. பிறகு எழுந்திருக்கவே மனசில்லாமல் மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பொறுமையாக என் வேலையை யாரும் பார்த்ததில்லை.

"இது முறியவே முறியாதா?"

இங்கே பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "முறியும். இது பிளாஸ்டிக், ஒட்டாது, அதனால என்னிக்காவது ஒரு நாள் தகடு களைச்சு முறிஞ்சுடும். உனக்கு எலும்பு வளரும். தகடு களைக்கிறதுக்குள்ள எலும்பு வளந்து சுமையை வாங்கிக்கணும், அவ்வளவுதான் போட்டி. நீ கால ஊனலைன்னா எலும்பு வளராது, தகடு தனியா மாட்டிக்கும்."

அவள் நகலையே பார்த்தாள். பிறகு, இங்கே எடை மெஷின் இருக்கிறதா என்றாள்.

இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலை வைத்தாள். இரண்டு கிலோ. எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். ஐந்து. மூன்று. ஒன்பது. வலிக்கிறதா என்று கேட்டதற்குக் கெட்ட வார்த்தையில் பதில் வந்தது. அத்தான் அனுப்பிய எண்களெல்லாம் வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அழகாக இருந்தன. இவை கண்டபடி சிதறின. நிஜ மனுஷி அழுத்தினால் இப்படித்தான் சிதறும், அதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும். தோளில் அவள் நகம் பதிந்து இன்னும் எரிகிறது.

ஜூன் 20, வெள்ளி

பயிற்சி நேரத்தில் அத்தானை வீட்டைவிட்டே வெளியே அனுப்பிவிடுகிறாள். தெருவில் அங்கும் இங்கும் நடக்கிறாராம். இன்றைய செய்தி: "பதினொண்ணு. வலி இருக்கு. என்னைத் திட்டுறா." பூச்செண்டு இல்லை. இத்தனை நாளில் வந்த முதல் நல்ல செய்தி.

ஜூலை 2, புதன்

நேற்றும் இன்றும் காலை வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். முந்தாநாள் இருபதைத் தாண்டியபோது முழங்காலில் ஏதோ சொடக்கியதாம். மூட்டுச் சொடக்குதான் என்று பிசியோ பொண்ணு சொல்லியும் கேட்கவில்லை. அத்தான் போனில் அழுகிற குரலில், ஒரே ஒரு நாள் மட்டும் நான் — என்று ஆரம்பித்தார். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

பதினெட்டு. அவளே அனுப்பியது.

ஜூலை 14, திங்கள்

எக்ஸ்ரே அறைக்கு வெளியே மூவரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் வலது பாதத்தைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள், கடைசி நிமிஷத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.

இஸ்திரி படத்தை வெளிச்சப்பெட்டியில் மாட்டினார். தகட்டுப் பக்கம் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் எதிர்ப்புறம் பார்த்தேன். உட்பக்கமாக, அசைவு அதிகம் இருக்கும் அந்த ஓரத்தில், சாம்பல் பூசினது போல மங்கலாக ஒன்று. தெரியாதவர்கள் படத்தைச் சரியாகக் கழுவவில்லை என்பார்கள். இஸ்திரி பேனாவின் பின்பக்கத்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் காட்டினார். "ஆபரேஷன் வேண்டாம்." அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். இத்தனை காலமாக உடைந்ததைப் பார்த்தே சந்தோஷப்பட்டவள் நான்.

சாயங்காலம் சித்தப்பா படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பாக்கி மூன்று ஸ்க்ரூவை எப்போது போடுவார்களாம் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மெஷினில் ஓடவிட்டிருந்த அக்காவின் நகல் இன்று முறிந்தது. நடு ஓட்டையில்தான். அதற்கு வளர எலும்பு இல்லை, பாவம். அக்காவிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். "எனக்கு முன்னாடியே போயிடுச்சா" என்றாள். குரலில் ஜெயித்த திமிர்.

ஆகஸ்ட் 25, திங்கள்

எலும்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து கைகோத்துக்கொண்டது. இனி ஒரே ஒரு ஊன்றுகோல் போதுமாம், அதுவும் வெளியே போகும்போதுதான். அக்கா வீட்டுக்குள்ளும் அதை விடுவதாக இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. குளத்தில் அடுத்த மாசம் வரை அவளுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 6, சனி

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், அதாவது ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கமே காதை வைத்திருந்தார். பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டிச் சும்மா இருக்கச் சொன்னார்.

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். வலது கையில் ஒரு டீ டம்ளர், இடது கையில் ஒரு டீ டம்ளர். ஊன்றுகோல் பிடிக்கக் கையில் இடம் இல்லை. லேசாக விந்தி, நிதானமாக, ஒவ்வொரு முறையும் வலது காலை முழுசாக ஊன்றி வந்தாள். அத்தான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்ன பாக்குற, பிடி, சுடுது" என்றாள்.

வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். ஒரு குறையைக் கண்டு நான் சொல்லாமல் விட்டதாக இந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. முழு டம்ளரையும் குடித்து முடித்து, நல்லா இருக்கு என்றேன்.